ராக்காயி அக்காவின் காலுக்குத் தீட்டு உண்டா?

சுகந்தி, பிரதீப், இரண்டு பேருமே இதை வாசிக்க வேண்டும். சுகந்தி கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன் என்றாலும் பிரதீப் தப்பித்துக்கொள்ள முடியாது. போன் கடையில் ஆள் வராத நேரத்தில் வாசித்தால் போதும். அந்த நேரம் நிறைய இருக்கிறது என்று கேள்வி.

சுகந்தி, நீ நர்சிங் ஸ்கூலில் இருந்து லீவுக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து பாடம் படித்தாய். நோயாளியின் தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நாலையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாய். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, "யாருடி இந்த நாலு பேரும், எந்த லயத்துப் புள்ளைங்க?" என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்பா, ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லதானே? எப்படிப்பா வேலை செஞ்சீங்க?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா, "ஒங்கப்பா ட்ராலி தள்ளுனாரு, வேற என்ன செஞ்சாரு" என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் ட்ராலியில் படுத்திருந்தவர்கள் பேசினார்கள், தள்ளியவன் காதில் அது விழுந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சை தாண்டாதவன். பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரி எது என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊவாப் பக்கத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எனக்குக் கொடுத்த பயிற்சி முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: இது துடைப்பம், இது ட்ராலி, இது பிரேத அறைச் சாவி, டொக்டர் வந்தால் ஓரமாக நில். மிச்சத்தை வார்டு கற்றுக்கொடுத்தது.

நியமனக் கடிதத்தில் இல்லாத வேலை ஒன்று முதல் வாரமே என் தலையில் விழுந்தது. கட்டிலில் கிடந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாதவர்கள். டொக்டர்மாருக்கும் நர்ஸ் மிஸ்ஸிமாருக்கும் சிங்களமும் இங்கிலீசும். நடுவில் நான். இப்போது மூன்று பாஷையிலும் அச்சடித்த தாள் இருக்கிறது, தமிழ் பேசும் மிஸ்ஸிமார் வந்துவிட்டார்கள் என்று சொல்கிறாய். நல்லது. அன்றைக்கு இருந்ததெல்லாம் "கதிரேசன்" என்று வார்டுக்கு இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் ஒரு கூப்பாடு மட்டும்தான்.

ஒப்பரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது எப்படி என்று உன் புத்தகத்தில் ஒரு பாடமே இருக்கிறதாம். எங்கள் வார்டில் அது இப்படி நடக்கும். டொக்டர் இங்கிலீசில் விளக்குவார். குடல், அடைப்பு, மயக்க மருந்து, வரக்கூடிய ஆபத்து, வராமலும் போகலாம் என்ற ஆறுதல், எல்லாம் அதில் இருக்கும். மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் பாதியாக்கித் தருவார். அது தமிழாகி நோயாளியின் காதுக்குப் போய்ச் சேரும்போது "வயித்தத் தொறக்கணுமாம், சரிதானே" என்று வற்றிப் போயிருக்கும். நோயாளி பதில் சொல்ல மாட்டார். தன் கால்மாட்டில் நிற்கும் ஆளைப் பார்ப்பார். நம்ம ஆட்களின் வழக்கம் அது. தோட்டத்தில் எழுபது வயதுக் கிழவனாக இருந்தாலும், கட்டிலில் படுத்த நிமிஷமே சின்னப்பிள்ளை ஆகிவிடுவார். நிற்கிறவர்தான் பேசுவார். நிற்கிறவர் புருஷனாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்து தவறிப்போய் இந்தக் கட்டிலருகே நின்றவராகவும் இருக்கலாம். அப்படி ஒருவர், முன்பின் தெரியாத பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லித் தலையாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு ஏன் ஐயா என்று கேட்டேன். "டொக்டர் என்னையப் பாத்துக் கேட்டாரு தம்பி, மரியாதைக்கு ஆட்டுனேன்" என்றார்.

சுயவிருப்பம் என்ற சொல்லையும் நான் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தோட்டத்தில் இரத்ததானம் ஏற்பாடு செய்தார்கள். கட்டில்களை இறக்க நானும் போயிருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை வேலை பிரிப்பது போலவே பெயர் வாசித்தார். "இவங்க கொழுந்து மலை. இவங்க புல்வெட்டு. இவங்க சுயவிருப்பமா ரத்தம் குடுக்கிறவங்க." சுயவிருப்பக்காரர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், ஒரு பன், ஒரு போத்தல் சோடா. வந்திருந்த டொக்டர் நல்ல மனிதர். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "இல்லீங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்து டொக்டருக்குச் சந்தோஷம். ஒருவர் மட்டும் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார். தெளிய வைத்துப் பார்த்தால் அவர் புல்வெட்டுக்குப் பெயர் வாசிக்கப்பட்டவர். வரிசை மாறி நின்றுவிட்டார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பெரிய டொக்டர் வந்தார். சத்திரசிகிச்சை நிபுணர். பெயர் வேண்டாம், நாங்கள் பெரிய டொக்டர் என்றே சொல்வோம். மெலிந்த ஆள், கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் மெதுவாகப் பேசினால் மிஸ்ஸிமார் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தால் யாருக்கோ பேச்சு விழப்போகிறது என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு நடைமுறை இருந்தது. கத்தியை எடுக்கும் முன் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்பார். ஒங்களுக்கு என்ன வருத்தம்? நான் என்ன செய்யப் போறேன்? செய்யாட்டி என்ன ஆகும்? மூன்றையும் தமிழிலேயே பாடம் பண்ணி வைத்திருந்தார். உச்சரிப்பு எப்படி என்று கேட்காதே. நோய்க்கு நாம் சொல்லும் "வருத்தம்" அவர் வாயில் பட்ட வருத்தம் கொஞ்சமில்லை. பதிலை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் இன்னொரு தடவை விளக்கம், இன்னொரு தடவை கேள்வி. சொன்னதைச் சொன்னபடியே நான் கொண்டுவர வேண்டும். சுருக்கினால் கண்ணாடி சட்டை நுனிக்குப் போகும்.

முதல் தடவை கேட்டபோது கால்மாட்டில் நின்ற மாப்பிள்ளை ஒருவர் முந்திக்கொண்டு, "எங்க மாமாவுக்கு ஹேர்னியாங்க, நீங்க வெட்டுங்க" என்றார். பெரிய டொக்டர் பேனாவை அவர் வயிற்றுப் பக்கம் நீட்டி என்னிடம் சிங்களத்தில், "அப்ப ஒப்பரேஷன் இவருக்கா? இவரைத் தியேட்டருக்குக் கொண்டு போ" என்றார். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. மாப்பிள்ளை வாசலைத் தாண்டித்தான் நின்றார்.

இனி ராக்காயி அக்காவின் கதைக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்தது அதைத்தான்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். ஐம்பது தாண்டிய வயது. சீனி வருத்தம், உன் பாடத்தில் டயபிட்டிஸ், பல வருஷமாக இருந்து, பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது. தேயிலைக் கட்டை குத்தியது தெரியவில்லை. தெரிந்தபோது கோப்பித்தூள் வைத்துக் கட்டினார். மேலே துணி, துணிக்கு மேலே சாக்கு, அப்படியே மலை ஏறினார். தோட்டத்து டொக்டர் ஐயா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, காலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லி லொறியைக் கூப்பிட்டார். எங்களிடம் வந்தபோது விரல்கள் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. பெரிய டொக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அங்கே எடுக்க வேண்டும், நாளைக்கே எடுக்க வேண்டும், தள்ளினால் விஷம் மேலே ஏறி ஆளே போய்விடுவார்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் சுகந்தி, உன் நாலு பேரும் ஒவ்வொருவராகக் கட்டிலருகே வரத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள். நன்மை செய்தல் என்பவர் வெள்ளைச் சட்டை போட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகி வந்தார். அவர்தான் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்துக்கும் அவரே தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். மனிதர் கெட்டவர் இல்லை. யாருடைய காரியத்தையும் அந்த யாரிடமும் கேட்காமலே முடித்துக்கொடுக்கும் நல்லவர். கூடவே அக்காவின் புருஷன் பெருமாள் அண்ணன். நெஞ்சு வருத்தக்காரர், மாடிப்படி ஏறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பெருமாள் அண்ணன், "தலைவர் என்ன சொல்றாரோ அதாங்க" என்றார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வெட்டட்டும், வேணாங்கல. ஆனா நாளைக்கு முடியாது தம்பி. அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை தேரு. அது வரைக்கும் தோட்டத்துல ஒரு சாவு விழக்கூடாது."

"சாவு இல்லீங்களே தலைவரே. கால்தானே?"

"கால் மட்டும் செத்தா அது சாவு இல்லையா? அதுக்குத் தீட்டு உண்டா இல்லையான்னு கமிட்டியில பேசுனோம். காலையில இருந்து அதே பேச்சுதான். ஆளுக்குப் பதினாறு நாளு. காலுக்கு எத்தனை நாளுன்னு யாருக்கும் தெரியல. முழங்காலுக்குக் கீழன்னா ரெண்டு நாள் வரும்னு பொருளாளர் கணக்குப் போட்டாரு. பூசாரி ஒத்துக்க மாட்டேங்குறாரு. தீட்டுல துண்டு விழாது, வந்தா முழுசா வரும்ங்கிறாரு."

"கோயில் வேலைய நிறுத்தணுமா அப்ப?"

"தேரத் தள்ளி வைக்கணும். மேளம், லைட்டு, அட்வான்ஸ் எல்லாம் குடுத்தாச்சு. சனிக்கிழமை வெட்டச் சொல்லுங்க தம்பி. தாயி தாங்கும். நம்ம தாயி எம்புட்டுக் கஷ்டத்த தாங்குன ஆளு."

ராக்காயி அக்கா இத்தனையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. அவருடைய காலைப் பற்றி அவருக்கு மேலாலேயே பேச்சு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெரிய டொக்டர் வந்தார். தலைவர் சொன்னதை அப்படியே சிங்களத்தில் கொடுத்தேன், பூசாரியின் அபிப்பிராயம் உட்பட. அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தலைவரைத் தாண்டிக் கட்டிலருகே போய்த் தன் தமிழில் மூன்று கேள்வியையும் கேட்டார்.

அக்கா முதல் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். மூன்றாவதுக்கு, "செத்துருவேன்" என்றார். அதுவும் சரிதான். செய்யட்டுமா என்று கேட்டதற்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க. விட்ருங்க."

வார்டில் அன்றைக்கு எல்லோரும் நிபுணர்கள் ஆனார்கள். தலைவர் அது அம்மன் பக்தி என்றார், கண் கலங்கவும் செய்தார். மிஸ்ஸி, தோட்டத்து ஆட்களுக்குக் கத்தி என்றால் பயம் என்றார். பெரிய டொக்டரோடு வந்த இளம் டொக்டர்மார் இரண்டு பேர், கல்வி அறிவு குறைவு, இரத்தத்தில் விஷம் ஏறியதில் புத்தி தடுமாறியிருக்கலாம், எனவே புருஷனின் கையெழுத்தை வாங்கலாமா என்று இங்கிலீசில் ஆலோசித்தார்கள். பெருமாள் அண்ணன், "பிடிவாதம் தம்பி, கல்யாணத்துல இருந்தே இப்படித்தான்" என்றார். பெரிய டொக்டர் எல்லோரையும் கேட்டுவிட்டு மெதுவான குரலில் இளம் டொக்டர்மாரைக் கேட்டார்: "வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாங்க. ஏன் என்று யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

பார்வையாளர் நேரம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னார். மிஸ்ஸிக்குத்தான் என்று நினைத்துக் கொண்டுவந்தேன். அவர் உட்கார்ந்தார். "ஏன் என்று கேள். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்து, "இவரு எதுக்குத் தம்பி ஒக்காந்துட்டாரு? அம்புட்டு மோசமா?" என்றார்.

"இல்லக்கா. ஏன் வேணாங்கிறீங்கன்னு கேக்குறாரு."

அக்கா போர்வையை இழுத்துக் காலை மூடினார். பிறகு வந்தது.

"அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்ததுல இருந்து வேலை இல்ல. பேர எடுத்துட்டாங்க. மகன் கொழும்புல கடையில நிக்கிறான், அவன் பேரும் இல்ல. எங்க வீட்டுல தோட்டத்து செக்ரோல் புஸ்தகத்துல இருக்கிறது என் பேரு ஒண்ணுதான். ஒத்தக் காலோட எந்த மலையில தம்பி கொழுந்து எடுக்கிறது? என் பேரையும் வெட்டிருவாங்க. பேரு போனா லயத்துக் காம்பரா போச்சு. அந்த ஒத்த ரூம்பதான் இருக்கு எங்களுக்கு. அந்த மனுசன் இருமிக்கிட்டு எங்க போவாரு? நான் செத்தேன்னா, ஒரு எரக்கத்துக்காவது அவர விட்டு வைப்பாங்க. நொண்டியா உசிரோட இருந்தா யாருக்கு எரக்கம் வரும்?"

சொன்னதைச் சொன்னபடியே கொடுத்தேன். பெரிய டொக்டர் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. பிறகு சொன்னார்: "சொல்லு. காலை நான் எடுக்கலாம். வீட்டை என்னால் கொடுக்க முடியாது. தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம்."

"எழுதட்டும். மனேஜர் தொரை பைல்ல பத்திரமா வைப்பாரு" என்றார் அக்கா.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெரிய டொக்டர் எழுந்துவிட்டார். அப்போது அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா. எடுத்த கால என்ன செய்வீங்க?"

கேட்டால் கொடுப்போம், கொண்டுபோய்ப் புதைக்கலாம், கேட்காவிட்டால் இங்கே உலையில் எரித்துவிடுவோம் என்றார்.

"யாரு கேட்டாக் குடுப்பீங்க? அவரா, தலைவரா?"

"உங்களுடைய கால். நீங்கள் கேட்டால்தான்."

அக்கா அதை இரண்டு தடவை என்னைச் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு, வந்ததில் இருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "தலைவர் பஸ்ஸு ஏறியிருக்க மாட்டாரு. கீழ கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. கூட்டிட்டு வாங்க தம்பி."

தலைவர் பாதி வடையோடு வந்தார்.

"தலைவரே, நாளைக்குக் காலையில கால எடுக்கலாம்னு இருக்கேன்."

"தாயி, சனிக்கிழமைன்னு பேசுனோமே."

"நீங்க பேசுனீங்க. எடுத்த கால நம்ம தோட்டத்துக்குக் கொண்டாரப் போறேன். முப்பது வருசம் மலை ஏறுன காலு. தப்பு அடிச்சு, பாடை கட்டி, முறையா எடுங்க. தேரு வர்ற ரோட்டாலதானே சுடுகாட்டுக்கும் போகணும்?"

தலைவர் வடையைக் கட்டில் ஓரத்து மேசையில் வைத்தார்.

"நீ என்ன தாயி, அம்மனோட மல்லுக்கு நிக்கிறியா?"

"அம்மனுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல. கால் இங்கயே எரிஞ்சா தோட்டத்துக்குத் தீட்டு உண்டா?"

தலைவர் யோசித்தார். "அங்க வராத கால் எங்களுக்குத் தெரியாத காலு. அதுக்குத் தீட்டு இல்ல. பூசாரியும் ஒத்துக்குவாரு."

"அப்ப இங்கயே எரிக்கச் சொல்றேன். நீங்க தொரைகிட்டப் பேசி எனக்குப் புள்ளக் காம்பராவுல வேலை வாங்கிக் குடுங்க. தாய்மாரு மலைக்குப் போன பொறகு புள்ளைங்களத் தொட்டில்ல ஆட்ட ரெண்டு கை போதும். என் பேரு செக்ரோல்ல இருக்கணும். காம்பரா எங்களுக்கு இருக்கணும்."

"அதெல்லாம் மனுக் குடுத்து, மேலிடத்துல பேசி..."

"போன எடுங்க தலைவரே."

தலைவர் எடுத்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார் அக்கா. பக்கத்துக் கட்டில்களில் அனுங்கிக்கொண்டிருந்தவர்களும் அனுங்குவதை நிறுத்தினார்கள். பெரிய தொரை நம்ம தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"என்ன தலைவர், தேருக்கு லொறி கேட்டீங்க, குடுத்தாச்சுதானே?"

தலைவர் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். தொரை நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தேர் தள்ளிப்போனா, அதுக்கு இன்னொரு தடவை லீவு கேப்பாங்களா?"

"கேப்பாங்க சார். எடுத்த லீவு எடுத்ததுதான். திரும்பவும் கேப்பாங்க."

"கொழுந்து முத்திப் போற நேரத்திலயா?"

"ஆமா சார்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நீதி என்ற நாலாவது ஆள் அந்த இடைவெளியில்தான் வார்டுக்குள் வந்தார் என்று நினைக்கிறேன். கொழுந்துக் கணக்கு வழியாக வந்தார், ஆனாலும் வந்தார்.

"புள்ளக் காம்பராவுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருந்தாங்கதானே" என்றார் தொரை. "செய்யலாம்."

தலைவர் நன்றி சொல்லிப் போனை அணைக்கப் போனார். அக்கா கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொரை, நான் ராக்காயி பேசுறேன். நான் கேட்டத ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

தலைவர் முகம் வேர்த்துவிட்டது. தோட்டம் உண்டான நாள் முதல் யாரும் தொரையிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். போனுக்குள் ஒரு கனைப்புக் கேட்டது. பிறகு தொரை சொன்னார்: புள்ளக் காம்பராவில் வேலை, பேர் செக்ரோலில் இருக்கும்.

"ஒண்ணு விட்டுட்டீங்க தொரை. காம்பரா."

"காம்பராவும் இருக்கும்."

"யாருக்கு?"

"ராக்காயிக்கும் பெருமாளுக்கும்."

"எது வரைக்கும்?"

"நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும்."

"சரிங்க தொரை. வச்சிருங்க."

பெரிய டொக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. இளம் டொக்டர்மார் அவருக்கு ஏதோ செய்கிறது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலை தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன், முறைப்படி மறுபடியும் மூன்று கேள்வி. அக்கா பிசகாமல் சொன்னார். "சீனியால என் காலு செத்துப்போச்சு. முழங்காலுக்குக் கீழ எடுப்பீங்க. எடுக்காட்டி நான் போயிருவேன், பொறகு காம்பராவும் போயிரும்." இளம் டொக்டர் முதல் பாதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். பெரிய டொக்டர், "மிச்சத்தையும் எழுது" என்றார்.

தேர் வெள்ளிக்கிழமை போனது. தலைவர் மைக்கைப் பிடித்து, தோட்டத்துச் சகோதரி ஒருத்திக்காகத் தானும் சங்கமும் நடத்திய நீண்ட போராட்டத்தைப் பற்றிப் பேசினாராம். பெருமாள் அண்ணன் கை தட்டினாராம். அக்கா புள்ளக் காம்பராவில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு தொட்டிலை இரண்டு கையாலும் ஆட்டுவார் என்று சொன்னார்கள். சொன்ன வாக்கைத் தொரை மீறவில்லை. மீறினால் அக்கா திருப்பிச் சொல்லச் சொல்வார் என்ற பயமோ என்னவோ.

சுகந்தி, உன் பாடத்தில் இருக்கிற நாலும் நல்ல கொள்கைகள்தான். நான் கேலி செய்யவில்லை. நோயாளி தானே முடிவு எடுக்க வேண்டும் என்பதும் சரி. ஆனால் அக்கா "வேணாங்க" என்றதும் அவர் எடுத்த முடிவுதான். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் உன் பரீட்சையில் முழுப் புள்ளி கிடைத்திருக்கும், அக்காவும் போய்ச் சேர்ந்திருப்பார். ஒரு ஆளுக்குத் தலைக்கு மேலே கூரை நிற்குமா விழுமா என்பது இந்த நாலில் எதற்குள் வருகிறது என்று உன் மேடத்திடம் கேட்டு எனக்கு எழுது. எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன். நீ வார்டுக்குப் போகும் நாளில், வேண்டாம் என்கிற ஆளிடம் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார். நின்றுகொண்டு கேட்டால் நம்ம ஆட்கள் சரியென்று சொல்வார்கள், இல்லாவிட்டால் வேண்டாமென்று சொல்வார்கள். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

ஒப்பரேஷன் அன்று பெருமாள் அண்ணன் தியேட்டர் வாசலில் நின்றார். அக்கா நன்றாக இருக்கிறார் என்று சொன்னதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலைப் பார்க்கவே கூடாது, கண்ணில் பட்டால் தீட்டு அவரோடு பஸ் ஏறி வந்துவிடும் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தம்பி, அது..."

"நான் பாத்துக்கிறேண்ணே. நீங்க அக்காகிட்டப் போங்க."

அவர் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து வார்டுக்கு ஏறிப் போனார். எடுத்த காலைப் போட்டுக் கட்டிய மஞ்சள் பையைத் தியேட்டரில் இருந்து வாங்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் உலை. வழக்கமாக உலைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன், அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. அன்றைக்குப் போகவில்லை. அவர் கதவை மூடிவிட்டு வெற்றிலை போடப் போனார். நான் புகை நிற்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை இறங்கியது, ஆள் நடமாட்டம் இல்லை.

உலைக்குப் பக்கத்தில் வாளி கழுவுகிற குழாய் ஒன்று உண்டு. சட்டையைக் கழற்றி மதிலில் போட்டேன். குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, சாவு வீட்டில் இருந்து வந்தவன் போலத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.